பள்ளத்தில் சஜி பேசியது

குரல் நன்றாகக் கேட்டது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் நோயின் முதல் அறிகுறி அதுதான்.

சஜியின் முகம் என் முகத்துக்கு மேலே இருந்தது. என் தலையில் எதையோ சுற்றிக் கட்டிக்கொண்டே அவன் பேசினான். மலையாளமா, தமிழா, ஹிந்தியா என்று பிரித்தறிய முடியவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கே அடையாளம் தெரியாத ஏதோ ஓர் ஒலி வந்தது. வலி இல்லை. குண்டு வெடித்ததில் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன். காது அடைத்திருந்தால் அவன் குரல் எப்படிக் கேட்கும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

தலையில் அடிபட்டுப் பேச்சை இழந்தவர்களுக்காகவும், அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பாதிதான் உண்மை. நான் சொல்லச் சொல்ல என் மனைவி அமலி எழுதுகிறாள். வாக்கியம் கோணிக்கொண்டால் பேனாவை நிறுத்தி, "இதத்தான் சொல்ல வாரீகளா?" என்று கேட்கிறாள். நான் தலையாட்டினால்தான் அடுத்த வரி.

நான் காலாட்படையில் ஹவில்தாராக இருந்தேன். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கிறிஸ்தவ ஊர் என்னுடையது. சஜிக்குக் குமுளி. லோயர் கேம்ப்பைத் தாண்டி மலையேறினால் அவன் வீடு. பயிற்சி மையத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த கட்டில். அதிலிருந்து ஒரே பட்டாலியன், ஒரே கம்பெனி. எல்லா மாநிலத்து ஆட்களும் கலந்த படை என்பதால் அங்கே வேலை, சாப்பாடு, சண்டை எல்லாம் ஹிந்தியில்தான். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக ஒரு பேச்சு ஓடும். விடுமுறை கிடைத்தால் சேர்ந்தே வருவோம். மதுரையிலிருந்து பேருந்து. நான் வழியில் இறங்கிக்கொள்வேன், அவன் மலைக்குப் போவான்.

அந்த முறை எங்கள் பட்டாலியன் வடக்கு எல்லையில் ஒரு மலைமுகட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. சண்டை என்றால் ஓடிப்போய்ச் சுடுவது என்று ஊரில் நினைக்கிறார்கள். எங்கள் சண்டை பெரும்பாலும் இருந்த இடத்தை விட்டு நகராமல் இருப்பது. எதிர்ப்பக்கத்திலிருந்து மோர்ட்டார் குண்டுகள் விழத் தொடங்கியதும் சுமை தூக்கும் ஆட்கள் மேலே வருவது நின்றுபோனது. தண்ணீர், மண்ணெண்ணெய், தோட்டாப் பெட்டி எல்லாவற்றையும் நாங்களே முதுகில் ஏற்றினோம். பூட்ஸைக் கழற்றாமல் தூங்கினோம். எங்களுக்குக் கீழே இருந்த காவல்நிலையில் இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களைக் கீழே இறக்க வழியில்லாமல் அன்று முழுவதும் கம்பளிக்குள் வைத்திருந்தோம்.

எங்கள் சுபேதார் ஒவ்வொரு பதுங்குகுழிக்கும் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். "சப் டீக்" என்று பதில் சொல்ல வேண்டும். எல்லாம் நலம் என்று அர்த்தம். ஒரு நாள் காலையில் கடைசிக் குழியிலிருந்து பதில் வரவில்லை. கம்பி அறுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே யாரும் உயிரோடு இல்லை. அந்தப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. இடுக்கியையும் கம்பிச் சுருளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சஜி பின்னாலேயே வந்தான். "ஒற்றைக்குப் போகண்டா," என்றான். தனியாகப் போகாதே என்று பொருள்.

குழிகளை இணைக்கும் பள்ளத்தில் குனிந்தபடியே போனோம். அறுந்த இடம் கிடைத்தது. நான் கம்பியை முறுக்கிக் கட்டினேன். கடைசிக் குழியில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், அவர்கள் குரல் வந்தது. திரும்பும் வழியில் பள்ளத்தின் விளிம்பில் குண்டு விழுந்தது.

அதற்குப் பிறகு சஜியின் முகம், அவன் கை, அவன் குரல். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

கண் விழித்தது ராணுவ மருத்துவமனையில். இடப்பக்கக் காதுக்கு மேலே ஒரு உலோகத் துண்டு மண்டையைத் துளைத்து உள்ளே போயிருந்தது. மூளை வீங்கியதால் கிரானியெக்டமி (மூளைக்கு இடம் கொடுப்பதற்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தல்) செய்திருந்தார்கள். எடுத்த எலும்பைக் கெடாமல் வைக்க, என் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பை போலத் திறந்து அதற்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள். வீக்கம் வடிந்து காயம் ஆறிய பிறகு திரும்ப எடுத்துத் தலையில் பொருத்துவார்களாம். கைவைத்தால் வயிற்றில் வளைந்த ஓடு ஒன்று தட்டுப்படும். தலையில் அந்த இடம் பள்ளமாக, துடித்துக்கொண்டு இருக்கும்.

அமலி வந்தபோது அவளை எனக்குத் தெரிந்தது. அவள் குரலும் தெரிந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்பது தெரியவில்லை. பல ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள், நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதற்கு அஃபேசியா (மூளையின் மொழிப் பகுதி அடிபட்டுப் பேச்சும் புரிதலும் குலைந்துபோதல்) என்று பெயர். அறிவு மங்குவது அல்ல. உள்ளே நான் முழுசாக இருந்தேன். படிப்பவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முன்னால் எங்களைப் பற்றிப் பேசாதீர்கள்.

எனக்கு முதலில் திரும்பி வந்தது தமிழ் இல்லை. ஒரு நாள் "பானி" என்றேன். தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு சில ஹிந்திச் சொற்கள். பெற்ற தாய் பேசிய மொழி வராமல், பட்டாளத்தில் படித்த மொழி ஏன் வந்தது என்று அமலி மருத்துவரிடம் கேட்டாள். வார்டில் இருந்த நாகர்கோவில்காரச் செவிலியர்தான் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்தார்.

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி வருமாம் அக்கா. சிலருக்குத் தாய்மொழி முதல்ல, சிலருக்கு அதிகமாப் பொழங்குன மொழி முதல்ல. தமிழ் வருமா வராதான்னு இப்போ சொல்ல முடியாதுங்கிறார்."

ஹிந்தி வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி சஜி எங்கே என்பது. எல்லோரிடமும் கேட்டேன். மூளை இன்னும் வீங்கியிருக்கிறது, அதிர்ச்சி கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்தார். செவிலியர் என் போர்வையைச் சரிசெய்தார். சுபேதார் பார்க்க வந்தபோது என் காலைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தேன். ரத்த அழுத்தம் ஏறியது. சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து என்று கடைசியில் மருத்துவரே முடிவு செய்தார். தானே சொல்வதாக அமலி வந்து உட்கார்ந்தாள்.

தமிழில் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாள். கையை விரித்துக் காட்டினாள். நான் "சஜி? சஜி?" என்றேன். ஒரு சாவை ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப அவள் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் எழுந்து போய் அந்தச் செவிலியரிடம் ஒரு சொல்லைக் கேட்டு வந்தாள். என் முகத்துக்கு நேரே குனிந்து, "சஜி... ஷஹீத்," என்றாள்.

அது புரிந்தது. வீரமரணம் என்பதற்குப் படையில் சொல்லும் சொல் அது. என் தலைக்குக் கட்டுப் போட்டபோது அவன் வயிற்றில் துண்டு பாய்ந்திருந்தது. தூக்கிப்போக ஆட்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

எலும்பு வயிற்றில் இருக்கும்போதே ஊருக்கு அனுப்பினார்கள். காயத்தில் சீழ் வைத்திருந்ததால் எலும்பைப் பொருத்துவது தள்ளிப்போனது. வீட்டில் எல்லோரும் என்னைச் சுற்றி மெதுவாக நடந்தார்கள். என் அண்ணன் லூர்து என் தலை இடிபடாமல் இருக்கத் தோட்டத்துக் கதவின் நிலையில் சாக்கைச் சுற்றிக் கட்டினான். அமலி கம்பம் டவுனில் பார்த்துவந்த மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டாள். வெளியே போகும்போது பஞ்சு வைத்த தொப்பி ஒன்றை எனக்கு மாட்டிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கூட்டிப் போனாள். எல்லோரும் செபம் சொல்ல ஆரம்பித்ததும் என் வாயும் சொன்னது. முழுச் செபத்தையும், தமிழில், தட்டாமல். அமலி முழங்காலிட்டபடியே அழுதாள். அண்ணன் என் தோளைப் பிடித்து, "ஏலே, பேச்சு வந்துருச்சுடா!" என்றான். வெளியே வந்ததும் அமலி, "எம் பேரச் சொல்லுங்க," என்றாள். என்னால் முடியவில்லை. சிறு வயதிலிருந்து மனப்பாடமானது மூளையில் வேறு வழியாக வருமாம். மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் பின்னால் விளக்கினார். அன்றைக்கு அது தெரியாது. கையில் கொடுத்துப் பிடுங்கியது போல இருந்தது.

அந்தப் பயிற்சிக்காக வாரந்தோறும் மதுரைக்குப் பேருந்தில் போய்வந்தோம். ஒரு முறை ஆண்டிபட்டி நிறுத்தத்தில் பேருந்து நின்றபோது என் வலதுகைக் கட்டைவிரல் தானாக ஆடியது. பிறகு கை. பிறகு எனக்கு நினைவில்லை. வலிப்பு. மீதியை அமலி சொன்னாள்.

நான் இருக்கையிலிருந்து சரிந்ததும் சனம் கூடிவிட்டது. ஒருவர் சாவிக்கொத்தை என் கையில் திணித்தார். இன்னொருவர் வாயில் கரண்டி வைக்கச் சொன்னார். அமலி என் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டு கத்தினாள்.

"சாவி வேணாம்! வாயில ஒண்ணும் வெக்காதீக! தலையில எலும்பு இல்ல, யாரும் அழுத்திராதீக! ஒருச்சாச்சுப் படுக்க வெக்க இடம் விடுங்க!"

நான் முழிப்பதற்குள் நடத்துனர் பேருந்தைக் காலி செய்து, ஆட்டோ கூப்பிட்டிருந்தார். அமலி செய்ததுதான் சரி. பக்கவாட்டில் படுக்கவைத்து, தலை இடிபடாமல் காத்து, தானாக அடங்கும் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். அடங்காமல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம்.

வலிப்புக்கு மாத்திரையைக் கூட்டினார்கள். தூக்கம் அதிகமானது. அதற்கு நடுவிலும் தமிழ் வந்துகொண்டிருந்தது. சோறு, செருப்பு, வெயில். பிறகு அமலி. பிறகு இரண்டு இரண்டு சொல்லாக. வராத சொல்லுக்குப் பதில் வேறொன்று வரும். குடை கேட்க நினைத்துக் கதவைக் கேட்பேன்.

இந்த நேரத்தில்தான் சஜியின் மனைவி பிந்து அமலிக்குத் தொலைபேசியில் பேச ஆரம்பித்தாள். முதலில் நலம் விசாரித்தாள். பிறகு கேட்டேவிட்டாள். சேட்டனுக்குப் பேச்சு வந்ததா (அண்ணன் என்று என்னைத்தான் சொல்கிறாள்), கடைசியில் சஜி என்ன சொன்னார்?

அதற்குள் எலும்பைப் பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். கிரானியோபிளாஸ்டி (எடுத்து வைத்த மண்டையோட்டு எலும்பைத் திரும்பப் பொருத்துதல்). மதுரை மருத்துவர் மறைக்காமல் பேசினார்.

"பெரும்பாலும் நல்லாவே முடியும். ஆனா ரத்தம் கட்டலாம், கிருமி வரலாம். வந்த பேச்சு கொஞ்ச நாளைக்கு மறுபடி போகவும் வாய்ப்பிருக்கு."

அறையை விட்டு வெளியே வந்ததும் நான் அமலியிடம், "குமுளி," என்றேன்.

"இப்பவா? மலைரோட்டுல தலை எங்கயாச்சும் இடிச்சா என்ன ஆகுறது?"

"பேச்சு... போனா?"

அண்ணன் கார் பேசினான். லோயர் கேம்ப்புக்கு மேலே ஒவ்வொரு வளைவிலும் அமலி என் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். பாதி வழியில் மெல்லச் சொன்னாள்:

"ஒங்களுக்கு அன்னைக்கு ஒண்ணும் வெளங்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பிள்ளைகிட்ட நல்லதா ஒரு வார்த்த சொல்லுங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டாருன்னு சொல்லுங்க. யாருக்கு என்ன கொறஞ்சு போகுது?"

நான் யோசித்துக்கொண்டே வந்தேன். 'பிந்துன்னு கூப்பிட்டான்' என்பதைச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பேச்சு வந்திருந்தது.

பிந்து எங்களை உள்ளே உட்காரவைத்தாள். குமுளிக்காரி, தமிழ் நன்றாகத் தெரியும். தேநீர் கொடுத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். என் தொப்பியைப் பார்த்தாள். பார்வையைத் தாழ்த்தவில்லை.

"ஒடனே உயிர் போயிருச்சுன்னு ஆஃபீசர் சொன்னாரு. பின்ன ஒங்க தலைக்கு யாரு கட்டுப் போட்டது? எங்கிட்ட பொய் சொல்லண்டா சேட்டா."

நான் கார் வழியில் கோத்து வைத்திருந்த சொற்கள் கலைந்துபோயின. வந்ததைச் சொன்னேன்.

"சஜிதான்... கட்டுனான். பேசுனான். நெறைய பேசுனான்."

"எந்தா பறஞ்ஞது?" அவளுக்குத் தமிழ் விட்டுப்போனது. என்ன சொன்னார்?

"எனக்கு... புரியல."

அமலி மூளையில் அடிபட்டதை, மொழி அப்போதே போய்விட்டதை எடுத்துச் சொன்னாள். பிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் இறுகியது.

"அங்கன நிங்க ஒரு ஆள்தானே இருந்தது? வேற யாரும் இல்லல்லோ? நிங்க கேட்டும் ஒண்ணும் இல்லைன்னா நான் யாருகிட்ட போய்க் கேக்க?"

எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் திறந்த சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை. அமலி என்னைப் பார்த்தாள். ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம் என்பது அந்தப் பார்வை. என் கட்டைவிரல் ஆடுகிறதா என்று நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே வலிப்பு வந்துவிட்டால் எல்லாம் அவ்வளவுதான்.

குழாய் நின்றது. பிந்து வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"பயந்துட்டாரா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அது இருப்பதே அவள் கேட்கும் வரை எனக்குத் தெரியாது.

"இல்ல," என்றேன். "கொரல்... நடுங்கல. மெதுவா. ஒரே மாதிரி. திரும்பத் திரும்ப."

"எப்படி?"

சொல் இல்லாமல் அந்த ஒலியை மட்டும் முனகிக் காட்டினேன். தாழ்வாகத் தொடங்கி, கடைசியில் மேலே ஏறி நிற்கும். ஒரு இடைவெளி. மறுபடி அதே ஏற்றம். பேச்சு போனவர்களுக்கும் ராகம் தங்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பிந்து வந்து உட்கார்ந்தாள். இன்னொரு முறை என்றாள். நான் முனகினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"அது கேள்வி," என்றாள். "ஏதோ கேட்டிருக்காரு."

அவள் உதடு அசைந்து பார்த்தது. ஒன்றிரண்டு சொற்களை அந்த ஏற்றத்தில் வைத்துப் பார்த்து விட்டுவிட்டாள். பிறகு மெல்ல, என் முனகலின் அளவிலேயே சொன்னாள்: "கேள்க்குந்நுண்டோ... கேள்க்குந்நுண்டோ..."

கேட்கிறதா, கேட்கிறதா.

அதுதான் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. அவள் என்னைப் பார்த்து, "சேட்டன் கேட்டல்லோ?" என்றாள்.

"கேட்டேன்," என்றேன். அதில் பொய் இல்லை.

அப்போதுதான் பிந்து அழுதாள். அமலி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நாங்கள் கிளம்பும்போது பிந்து என் தொப்பியின் வாரைச் சரிசெய்துவிட்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது மருத்துவர் பயந்தது போலவே பேச்சு போயிருந்தது. தமிழ், ஹிந்தி இரண்டும். காய்ச்சலும் வந்தது. கிருமி எலும்பில் ஏறினால் அதை எடுத்து எறிய வேண்டிவரும் என்றார்கள். அமலி என் கையை விடவில்லை. முதல் தடவை பேச முயன்று அழுதவள், இந்தத் தடவை பேசவே இல்லை. சும்மா ஏதோ முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. காய்ச்சல் இறங்கியது. சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. இந்த முறை தமிழ்தான் முந்திக்கொண்டது.

பட்டாலியன் மலைமுகட்டிலிருந்து இறங்கி வேறு இடத்துக்குப் போய்விட்டது. மருத்துவக் காரணத்தால் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். சுபேதார் இன்றும் கூப்பிடுகிறார். "சப் டீக்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் வரை காத்திருப்பார்.

வயிற்றில் இருந்த எலும்பு தலைக்குப் போன பிறகும் படுக்கும்போது என் கை வயிற்றைத் தேடுகிறது. அந்த இடம் காலியாக இருப்பது எனக்குப் பழகவில்லை. மேற்கே மலையில் மழை பிடித்தால் எலும்பை இறுக்கிய திருகுகள் குளிர்ந்து வலிக்கின்றன.

முன்பெல்லாம் என் காலம் விடுமுறைக்கும் விடுமுறைக்கும் நடுவில் ஓடியது. இப்போது ஒருவர் பேசி முடிப்பதற்கும் அது எனக்கு விளங்குவதற்கும் நடுவில் ஒரு சிறிய இடைவெளி இருக்கிறது. மற்றவர்களுக்கு அது தெரிவதில்லை. என் நாள் முழுவதும் அந்த இடைவெளிகளால் ஆனது. ஆரம்பத்தில் அதற்குள் விழுந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

நேற்றுக் காலையில் தோட்டத்தில் கொடி வெட்டிக்கொண்டிருந்தேன். பந்தலின் மறுகோடியிலிருந்து அண்ணன் எதையோ கத்தினான். முதலில் குரல் வந்தது. நான் கத்தரியைத் தாழ்த்திவிட்டு நின்றேன். இலைகள் அசைந்தன. பிறகு சொல் வந்து சேர்ந்தது. சாப்பிடக் கூப்பிடுகிறான். நடந்தேன்.